பட்டி பார்த்த பச்சை டிரம்

வாசிக்கிற பழைய டிரம்களை வாங்கிப் புதுசாக்கி விற்கும் அந்த மனிதரைத் தெருவே பட்டி அண்ணன் என்றுதான் கூப்பிடும். விரிசல், கீறல், ஓட்டை எதைக் கண்டாலும் பட்டி மாவு வைத்து அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து, பிறந்ததிலிருந்து யாரிடமும் அடியே வாங்காத டிரம் போல ஆக்கிவிடுவார். தோலைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால் போதும், எந்தக் கம்பெனி, எந்தக் காலம், எந்தத் திருகு நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது என்று மளமளவென்று கொட்டுவார்.

"டிரம்முக்கெல்லாம் பூர்வீகம் சொல்லுவாரு. எங்கக்கா வீட்டுக்கு வந்தா மட்டும், யாரும்மா நீங்கன்னு கேப்பாரு" என்பாள் மனைவி.

அன்று கழுத்தில் இன்ச் டேப் தொங்க ஒரு தையல்காரம்மா கடைக்குள் வந்தாள்.

"அண்ணே, பச்சை கலர்ல சின்ன டிரம் ஒண்ணு உங்ககிட்ட வந்துச்சா? பழைய சாமான் கடைக்காரர் சொன்னாரு."

"பச்சை நெறைய வரும்மா. அடையாளம் சொல்லு."

"மேல மர வளையத்துல பல்லுத் தடம் இருக்கும். எம்பொண்ணு பல்லு மொளைக்கிறப்ப கடிச்சது. அவ இப்ப இல்லண்ணே. அதப் பாக்க முடியலன்னு அவங்கப்பா எனக்குத் தெரியாம தூக்கிப் போட்டுட்டாரு."

பட்டி அண்ணன் அலமாரியை நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தடத்தை அவர் பார்த்திருந்தார். எலிதான் என்று தீர்ப்புச் சொல்லி, "எலிக்கும் தாளம் தெரியுது பாரு" என்று மனைவியிடம் காட்டிச் சிரித்தும் இருந்தார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. அலமாரியில் புது மாப்பிள்ளை போல மினுங்கிய டிரம்மை இறக்கி வைத்தார்.

"இதுதாம்மா."

அவள் வளையத்தை விரலால் சுற்றித் தடவினாள். மறுபடி தடவினாள். கண்ணாடி போல வழுக்கியது.

"இது புதுசுல்ல?"

"நான்தாம்மா அடைச்சேன். எலி கடிச்சதுன்னு நெனச்சுட்டேன்."

"எலியா? ஒருத்தி அழுதுகிட்டு வந்து நிக்கிறா, கெடைச்சதத் தலையில கட்டிடலாம்னு பாக்குறீங்களா?"

அவர் உளியை எடுத்துப் பெயிண்டைச் சுரண்டினார். பட்டி துண்டு துண்டாகப் பெயர்ந்தது. அடியில் பல் தடம் இல்லை. பட்டி நன்றாகப் பிடிக்கட்டும் என்று எந்தப் பள்ளத்தையும் முதலில் கொத்தி ஆழமாக்குவது அவர் வழக்கம். இருந்ததெல்லாம் அவருடைய உளித்தடம்தான்.

"அவரு பொய் சொல்ல மாட்டாரும்மா. நானும் கண்ணால பாத்தேன்" என்று மனைவி முன்னால் வந்தாள்.

"பாத்தீங்களா? எத்தனை பல்லு?"

"நாலு" என்றார் அவர்.

"ரெண்டு" என்றாள் மனைவி, அதே நொடியில்.

தையல்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். டேப்பைக் கழுத்தில் சரிசெய்துகொண்டாள்.

"இந்த மாதிரி வேற கடை எங்கண்ணே இருக்கு?"

பட்டி அண்ணன் உளியைக் கீழே வைத்தார்.

"பாலத்துக்குக் கீழ ஒண்ணு இருக்கும்மா."

அவள் வெயிலில் இறங்கி, பாலம் இருக்கும் பக்கம் வேகமாக நடந்தாள்.