சக்கர நாற்காலியை விட்டு எழவில்லை

எனக்கு யார் மீதும் சட்டென்று நம்பிக்கை வராது. "பணம் அக்கவுண்ட்ல ஏறிடும்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால் சுத்தமாக வராது. போன தேர்தலிலும் அப்படித்தான் சொன்னார்கள். பேங்குக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

இந்த முறையும் பூதலூர் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுப்பதிவு. அங்கன்வாடி உதவியாளரான எனக்கு, நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரும் வேலை. வாசலிலிருந்து பூத் வரைக்கும் மணல். சக்கரம் புதைந்து புதைந்து நிற்கும். பகல் முழுக்கத் தள்ளியதில் தோள் இரண்டும் கழன்று விழாத குறை.

சாயங்காலம் மெஷினுக்குச் சீல் வைத்து முடித்ததும் மண்டல அலுவலர் ஜீப்பில் வந்தார். தோளில் ஒரு பை. பூத்துக்குள் வேலை பார்த்த வாத்தியார்களுக்கு ஆளுக்கொரு கவர் எடுத்துக் கொடுத்தார். நான் போய் நின்றதும் ஜிப்பை இழுத்து மூடினார்.

"உங்களுக்கு அக்கவுண்ட்ல வந்துடும்மா. நாற்காலிய ஜீப்ல ஏத்துங்க. இதான் கடைசி பூத்து, நேரமாவுது."

அவர் மூடிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

என் அம்மா நடவுக்குப் போனவள். கூலிக்கு இழுத்தடிக்கிற ஆளின் வயல் என்றால், பெண்கள் மற்றதையெல்லாம் நட்டுவிட்டு, கடைசி முடி நாற்றுக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சேற்றிலேயே நிற்பார்களாம். கூலி வரப்புக்கு வந்த பிறகுதான் அதை நடுவார்கள். என் கைவசம் இருந்தது அந்தச் சக்கர நாற்காலி ஒன்றுதான். அதில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா இது? நாற்காலிய ஒப்படைக்காம நான் வீட்டுக்குப் போவ முடியாது."

"தெரியும் சார். அதான் உக்காந்திருக்கேன்."

ஒரு வாத்தியார் தன் கவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டே, "விடுங்கக்கா, பணம் எங்க போயிடப்போவுது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப உங்க கவர எங்கிட்ட குடுத்துடுங்க சார். உங்களுக்கு அக்கவுண்ட்ல வரட்டும்."

அவர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார். அலுவலர் தன் பர்ஸைத் திறந்து இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை நீட்டினார்.

"டீச்செலவுக்கு வச்சுக்கங்க. எந்திரிங்க."

"இது உங்க காசு சார். எனக்கு என் கூலி வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். பிறகு ஜிப்பைத் திறந்து ஒரு கவரை எடுத்து என் மடியில் போட்டார். அதன் மேல் என் பெயர் எழுதியிருந்தது.

பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். பையை அவர் மறுபடி மூடுவதற்குள் உள்ளே எட்டிப் பார்த்தேன். இன்னும் சில கவர்கள் கிடந்தன.

"அதெல்லாம் யாரோடது சார்?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியைத் தூக்கி ஜீப்பின் பின்னால் போட்டுவிட்டு, முன்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.