ஆவடியில் ஐரிஸ்

அம்பத்தூர் மார்க்கெட்டில் மண் ஒட்டிய பச்சை இஞ்சியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸும், அதன் வாசலில் அம்மா நட்ட, பார்க்க இஞ்சி போலவே இருக்கும் ஐரிஸ் பூச்செடிக் கிழங்குகளும் நினைவில் வந்து நிற்கும். அப்பாவுக்கு மாற்றலானபோது குன்னூரிலிருந்து பழைய புடவையில் சுற்றிக் கொண்டுவந்தவை. மஞ்சள் தாடி வைத்த ஊதாப்பூ பூக்கும் என்பாள்.

பாதி மண்ணிலும் பாதி வெளியிலுமாக, முதுகில் வெயில் படவேண்டிய கிழங்கு அது. பக்கத்து வீட்டு மேரியக்காவுக்குப் பொறுக்காது. "இன்னாக்கா, இஞ்சிய இப்டி தொறந்து போட்டுகீறியே, காஞ்சிடாது?" என்று தினமும் மண்ணை அணைத்துவிட்டுப் போவார், தினமும் அம்மா கரண்டிக்காம்பால் அதைச் சுரண்டித் தள்ளுவாள்.

இலைகள் வாளாக நிமிர்ந்தன, மொட்டு மட்டும் வரவில்லை. குளிர் போதவில்லையென்று மார்கழிக் காலைகளில் அம்மா ஃப்ரிட்ஜ் ஐஸ்கட்டிகளைக் கிழங்கைச் சுற்றி அடுக்குவாள். கடைசியில் மேரியக்காவே சொம்பில் ஐஸ் கொண்டுவர ஆரம்பித்தார்.

ஓய்வுபெற்ற அன்று மாலை அப்பா, "இனி குன்னூருக்கே போயிடலாம்" என்றார்.

அம்மா சுரண்டுவதை நிறுத்தாமல் சொன்னாள்: "இது இன்னும் பூக்காம கீது, வுட்டுட்டு எங்க வர்றது?"