கிளிவெட்டி வீதியில் நின்ற ஆனை

என் கணவர் டென்மார்க் நாட்டுக்காரர். எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன்களையும் பம்புகளையும் திருத்தும் வேலைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவர், ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்குப் போகவில்லை. நான் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கலியாணப் பதிவு பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஐயா அதற்குப் பிறகு ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை. லிங்கநகரில் நாங்கள் எடுத்த வாடகை வீட்டுக்கு அம்மா மட்டும் பின்னேரங்களில் வருவா. குசினிக் கதிரையில் இருந்து கொஞ்சம் கதைத்துவிட்டு, என் கணவர் வேலையால் வருவதற்கு முன்னால் போய்விடுவா.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஆட்கள் வந்து போவார்கள். எங்கள் கேற் திறக்காமலே கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க என்னால் ஏலாமல் போனது. அப்படித்தான் காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிடத் தொடங்கினோம்.

அவர் பிறந்து வளர்ந்தது இருபது பசுக்கள் நின்ற ஒரு பண்ணையில். நானோ நகரத்துப் பிள்ளை. எனக்குத் தெரிந்த மிருகங்கள் கோட்டைக்குள் மேயும் மான்களும் சந்தையில் வாழைத்தோல் தின்னும் மாடுகளும்தான். அவரோடு போகத் தொடங்கிய பிறகுதான் என் சொந்த மாவட்டத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கண்டேன். ஒரு மைல் தூரம் காரை நிறுத்தாமல் ஓடினார் என்றால் பெரிய காரியம். குளத்துத் தண்ணீரில் மூக்கு மட்டும் தெரியக் கிடக்கும் எருமைகளுக்கு நிறுத்துவார். வீதியைக் கடக்கும் உடும்புக்கு நிறுத்துவார். வரம்பில் நிற்கும் மயிலுக்கு நிறுத்தி, என்ஜினையும் அணைத்துவிடுவார்.

தார் வீதியில் படுத்து அசைபோடும் மாடுகளைத்தான் அவரால் நம்பவே முடியவில்லை.

"வேலி எங்கே? இதுகள் யாருடையவை?"

"சொந்தக்காரர் இருக்கினம். பொழுதுபடத் தாங்களாகவே வீட்டுக்குப் போகும்."

இறங்கிப் போய் ஒரு பசுவின் விலாவில் கையை வைத்துப் பார்ப்பார். "இது இந்தக் கிழமையே கன்று போடும்," என்று எனக்குச் சத்தம் போட்டுச் சொல்வார். எங்களுக்குள் ஆங்கிலம்தான் கதைப்போம். இரண்டு பேருக்கும் அது பள்ளிக்கூடத்தில் படித்த மொழி. குடத்தோடு போகும் பெண்கள் நின்று, அவரை விட்டுவிட்டு, காருக்குள் இருக்கும் என்னைப் பார்ப்பார்கள்.

"நீங்கள் தமிழோ?"

"ஓம். திருகோணமலை."

"அவர்?"

"என்ர அவர்தான்."

அதற்கு மேல் கேள்வி இராது. பார்வை மட்டும் கார் மறையும்வரை இருக்கும். அவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கிளிவெட்டிப் பக்கம் நாங்கள் முதலில் போன நாளில் காரின் ரேடியேற்றர் கொதித்துவிட்டது. வீதியோரத்து வீடு ஒன்றில் தண்ணீர் கேட்கப் போனேன். வீட்டுக்காரருக்கு நாற்பது வயதிருக்கும், வேளாண்மை செய்கிறவர். வாளியைத் தந்தாரே தவிர அவருடைய கவனம் இங்கே இல்லை. கொல்லையில் அவருடைய மனைவி அழுதுகொண்டிருந்தா. காலையிலிருந்து பசு கன்று போட முடியாமல் கிடந்தது. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

என் கணவர் போட்டிருந்த சேட்டைக் கழற்றினார். "சவுக்காரமும் எண்ணெயும் கேள்," என்றார். நான் கேட்டேன். கையைத் தோள்வரை கழுவி, தேங்காய் எண்ணெய் பூசி, வெளியே வந்த காலை மெல்ல உள்ளே தள்ளி, மடிந்து கிடந்த மற்றக் காலைத் தேடி எடுத்தார். பிறகு இரண்டு ஆண்களும் கயிறு போட்டு இழுத்தார்கள். கன்று சேற்றில் வந்து விழுந்து அசையாமல் கிடந்தது. அவர் ஒரு வைக்கோலை எடுத்து அதன் மூக்குக்குள் விட்டார். அது தும்மியது. வீட்டுக்கார அம்மா கையெடுத்துக் கும்பிட்டா.

"துரை மாட்டுக்காரனோ?" என்று என்னிடம் கேட்டார் வீட்டுக்காரர்.

"ஓம் அண்ணன், மாட்டுக்காரன்தான்."

அப்போதுதான் அந்த மனிதர் முதல்முறை சிரித்தார்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை அங்கே போனோம். கிண்ணியாத் துறையில் காரை ஏற்றிக் கடத்தும் மிதவையைப் 'பாதை' என்போம். அதற்காகக் காத்து நிற்கும் நேரமே சில நாட்களில் ஒரு மணித்தியாலம். எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. அந்த அம்மா பாய் விரித்து எருமைத் தயிரும் சர்க்கரையும் தருவா. வீட்டுக்காரர் என்னைத் தங்கச்சி என்றார். தன் கையால் எனக்குச் சாப்பாடு போட்டு, என் கலியாணத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் இருந்த வீடு அந்தக் காலத்தில் எனக்கு அது ஒன்றுதான். இதைச் சொல்லாமல் பிறகு நடந்ததைச் சொல்ல முடியாது.

அடுத்த தை மாதம். மழை விட்டு, வயலில் வேளாண்மை கதிர் தள்ளுமுன் வரும் குடலைப் பருவத்தில் நின்றது. கிளிவெட்டிக்கு வருமுன், வீதியோரத்துக் குளக்கட்டின் கீழே ஓர் ஆனை தனியாக நின்றது. அவர் காரைத் தூரத்திலேயே நிறுத்தினார். முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு அவருடைய முகம் மாறியது. ஆனையின் முன்னங்கால் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. அந்தக் காலை நிலத்தில் ஊன்றாமல் நின்றது. தும்பிக்கையால் மண்ணை அள்ளி அள்ளிக் காலில் போட்டது. போட்ட மண் நனைந்து விழுந்தது. ஈக்கள் காலைச் சுற்றி மொய்த்தன.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவர் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து கிளிவெட்டி வீட்டு அண்ணன் சைக்கிளில் வந்தார். என் பக்கத்துக் கண்ணாடியருகே குனிந்து, மெதுவாகக் கதைத்தார்.

"தங்கச்சி, அது என்ர துவக்குத்தான். மூண்டு நாளா வயலுக்க நிண்டது. வெடி கொளுத்தினம், தகரம் அடிச்சம், போகேல்லை. பயங்காட்டத்தான் சுட்டனான். காலில பட்டிட்டுது." ஆனைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. "துரைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவர் வாயில்லாச் சீவன்களில இரக்கமான மனிசன்."

"சொல்லமாட்டன் அண்ணன்."

அவர் போன பிறகு கணவர் கேட்டார். "என்ன சொன்னார்?"

"யாரோ சுட்டிருக்கினமாம்."

அன்று நாங்கள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. காரைத் திருப்பினோம். கிண்ணியாத் துறையில் பாதை அக்கரையில் நின்றது. காத்திருக்கும்போது அவர் சொன்னார். "இங்கே யாருக்கும் மிருகங்களில் இரக்கம் இல்லை. மாட்டை வீதியில் விடுகிறீர்கள். ஆனையைச் சுட்டுவிட்டுச் சாகவும் விடாமல் நிற்க விடுகிறீர்கள்."

விடுகிறீர்கள் என்று அவர் சொன்ன ஆட்களுக்குள் நானும் இருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. ஒரு வருட உழைப்பு இரவோடு இரவாக மிதிபட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். டென்மார்க்கில் உங்கள் வயலுக்குள் ஆனை வந்ததா என்று கேட்டேன். அந்த வேகத்தில், "அவர் பயங்காட்டத்தான் சுட்டார், கொல்ல இல்லை," என்று சொல்லிவிட்டேன்.

"அவர் என்றால் யார்?"

நான் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினேன். அவருக்கு விளங்கிவிட்டது. பாதை இக்கரைக்கு வந்ததும் காரை அதில் ஏற்றினார்.

மூன்று கிழமை கழித்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கிளிவெட்டி வீட்டு அம்மா கேற்றடியில் நின்றா. முதல் பஸ்ஸில் வெளிக்கிட்டு வந்திருக்கிறா. கண்கள் வீங்கியிருந்தன.

"தங்கச்சி, இவரைப் பொலிஸ் ஜீப்பில வந்து கொண்டுபோட்டினம். துவக்கையும் எடுத்திட்டினம். லைசென்ஸ் இல்லாத துவக்கெண்டு மறியல் வீட்டில பூட்டி வைச்சிருக்கினம். ஆனையும் செத்துப்போச்சு. துரைக்குப் பெரிய இடங்களில ஆக்களைத் தெரியும்தானே? ஒரு சொல்லுச் சொல்லச் சொல்லுங்கோ."

ஒரு சின்ன உரப்பையில் எனக்கென்று பயிற்றங்காயும் கொண்டுவந்திருந்தா. நான் அதை வாங்கிக்கொண்டேன். "சொல்லிப் பார்க்கிறன் அக்கா," என்றேன். பஸ்வரை கூடப் போய் ஏற்றிவிட்டேன். அவ ஜன்னலால் தலையை நீட்டி, "மறந்திடாதேங்கோ," என்றா.

என் கணவர் வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றவும் விடாமல் கேட்டேன்.

"நீங்கள் ஆனையைப் பற்றி யாருக்கும் எழுதினீங்களோ?"

"எழுதினேன். அடுத்த நாளே. ஆனைக்கு வைத்தியம் செய்ய ஆள் அனுப்பச் சொல்லி, எனக்குத் தெரிந்த ஓர் அதிகாரிக்கு எழுதினேன்."

"அவரைப் பற்றியும் எழுதினீங்களோ?"

"எப்படிக் காயம் பட்டது என்று கேட்பார்கள்தானே. எந்தத் துவக்கு, எந்த ஈயம் என்று தெரிந்தால்தான் வைத்தியம் செய்யலாம். எனக்குத் தெரிந்ததை எழுதினேன்."

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் எழுத விட்டிருப்பாயா?"

"இல்லை."

"அதுதான் சொல்லவில்லை."

அவர் கெட்ட மனிதர் இல்லை. வைத்தியர் வந்தாராம், கிட்டப் போக முடியவில்லையாம், ஐந்தாம் நாள் ஆனை குளத்துக்குள் விழுந்து செத்ததாம். இதைச் சொல்லும்போது அவர் அழுதார். நான் அவரைத் தேற்றவில்லை. அன்றிரவு பயிற்றங்காயைச் சமைக்க எனக்கு மனம் வரவில்லை. எறியவும் மனம் வரவில்லை. அடுத்த நாள் வந்த என் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அதே அதிகாரியிடம் அவர் திரும்பப் போனார். நீதிமன்றத்துக்கும் போய் நின்றார். அதனால்தானோ என்னவோ, அண்ணனைக் கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள். துவக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விட்ட அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் போனோம். அண்ணன் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பினார். அந்த அம்மா பாயை எடுக்க உள்ளே போனா.

நான் பாய்க்குக் காத்திருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் எழுதியது இவர், இவருக்குச் சொன்னது நான் என்று சொன்னேன். கையில் பாயோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டா.

அண்ணன் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். பிறகு சொன்னார்.

"அவரில எனக்குக் கோபமில்லை. அவர் கண்டதை எழுதினவர். அவருக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே, பிள்ளை."

தங்கச்சி என்று சொல்லவில்லை.

"என்ன சொல்கிறார்?" என்று கணவர் கேட்டார். நான் ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவருடைய முகம் சிவந்தது. "அவளில் பிழை இல்லை, பிழை என்னுடையது என்று சொல்," என்றார். அதையும் தமிழில் சொல்ல வேண்டியது நான்தான். எனக்காக நானே வாதாடுவது போல் இருந்தது. சொன்னேன். அண்ணன் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை.

வேளாண்மை வெட்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. துவக்கு இல்லை. என் கணவர் லீவு போட்டுவிட்டு, பழைய எண்ணெய்ப் பீப்பாக்களையும் ஒரு பெரிய விளக்கையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளிவெட்டிக்குப் போனார். பத்து நாள் அண்ணனோடு காவல் பரணில் இருந்தார். என்னை வரச் சொல்லி இருவரும் கேட்கவில்லை. மொழி தெரியாத இரண்டு பேர் பத்து நாள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அவர் கறுத்து, தாடி வளர்ந்து, "போ, போ, ஆனை" என்று கத்தக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அப்படியும் வயலில் ஒரு பாதி போய்விட்டது. மற்றப் பாதியை வெட்டினார்கள்.

அதற்குப் பிறகும் போய் வந்தோம். அண்ணனும் அவரும் கைப்பாஷையில் சிரித்துக்கொண்டு மாட்டுப்பட்டிக்குப் போவார்கள். அந்த அம்மா எனக்குப் பாய் விரிப்பா, தயிர் தருவா, "சாப்பிடுங்கோ" என்பா. முந்தி வயலில் நடந்தது, அயலில் நடந்தது எல்லாம் சொல்லிச் சிரிப்பா. இப்போது மழையைப் பற்றி மட்டும் கதைத்தா. நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னா. அவர்கள் என்னை ஒரு நாளும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எங்களுக்குள்ளும் ஒன்று மாறியது. வீதியில் யாராவது என்னோடு கதைத்தால், "என்ன சொன்னார்கள்?" என்று அவர் முந்தி உடனே கேட்பார். இப்போது கேட்பதற்கு முன் என் முகத்தைப் பார்ப்பார். சில வேளை கேட்காமலே காரை எடுப்பார். நானும் சொல்லாமல் இருப்பேன். அவர் மயிலுக்கும் எருமைக்கும் நிறுத்துவதை விடவில்லை. நான் முந்தியைப் போல அதுகளை எட்டிப் பார்க்கவில்லை. ஆனை நின்ற குளக்கட்டு வந்தால் மட்டும் வேகத்தைக் கூட்டுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருடைய தகப்பன் நோயில் விழ, பண்ணையைப் பார்க்க ஆள் இல்லாமல் போனது. நாங்கள் டென்மார்க்குக்குப் போவதென்று முடிவெடுத்தோம். ஐயா அதற்குள் என்னோடு கதைக்கத் தொடங்கியிருந்தார். விமான நிலையம்வரை வருவதாகவும் சொன்னார்.

கிளிவெட்டிக்குக் கடைசியாகப் போன அன்று அண்ணன் என் கணவரைக் கட்டிப்பிடித்தார். "துரை எப்ப திரும்பி வருவார்?" என்று என்னிடம் கேட்டார். அவரிடம் கேட்டு, "தெரியாதாம்," என்று சொன்னேன்.

"நீங்கள்?" என்று அந்த அம்மா கேட்டா.

எனக்கும் தெரியாது என்றேன். அவ உள்ளே போய், துணியால் வாய் கட்டிய ஒரு மண் முட்டி தயிர் கொண்டுவந்து என் மடியில் வைத்தா. வீதி மோசம், கவனமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னா. கார் கிண்ணியாத் துறைக்கு வரும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தேன்.