தெமெலினாவின் மூன்றாவது மினாஸ்

ரொட்டிக்கடை மினாஸ் இருபது வருஷத்துக்கு முன்னால் தெமெலினாவைக் கைவிட்டானாம். அதற்குப் பழிவாங்கத்தான் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் நோய் பரப்பியவனாக அவன் பெயரை ஏற்றிவிட்டாளாம். எங்கள் கிரேக்கத் தீவில் இதைச் சொல்லாத வாய் கிடையாது. படகு டிக்கெட் விற்கும் நானும் நாலைந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன், மறைப்பானேன். ஆனால் நடந்தது வேறு. அதைச் சொல்கிறேன்.

தெமெலினாவுக்கு நாற்பத்தேழு வயது. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. கொரோனா சமயத்தில் நோயாளிகளின் விவரத்தை ஏற்றுவது அவள் பொறுப்பு. மூக்கில் எடுத்த சளி ஏதென்ஸுக்குப் போகும். அங்கே வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிப்பார்கள். அதையும் இவள் ஏற்றிய விவரத்தையும் ஒரு மென்பொருள் சேர்த்துப் பார்த்து, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கிளை கிளையாக மரம் வரையும். கெட்டிக்கார மென்பொருள்தான். ஆனால் அதில் அப்பா பெயருக்குக் கட்டம் இல்லை.

எங்கள் ஊரில் மூத்த மகனுக்குத் தாத்தா பெயர்தான். கிழவர் மினாஸுக்கு இரண்டு மகன்கள். இரண்டு வீட்டிலும் ஒரே வருஷம் ஆண் குழந்தை. இரண்டுக்கும் பெயர் மினாஸ், குடும்பப் பெயர் ஹல்கீதிஸ். யொர்கிஸ் மகன், நிகீதாஸ் மகன் என்று சொல்லிக்கொள்வோம், குழப்பமே வராது. யொர்கிஸ் மகன் ரொட்டிக்கடை. நிகீதாஸ் மகன் கப்பல்காரன்.

கப்பல்காரன் காய்ச்சலோடு வந்து இறங்கி, ஒரு ஞானஸ்நான விருந்தில் விடிய விடிய ஆடினான். நான்கு பேர் செத்தார்கள். அந்த வாரம் ரொட்டிக்கடைக்காரனும் பரிசோதனைக்கு வந்தான். அவனுக்கு நோய் இல்லை. ஆனால் பெயர் ஒன்று, பிறந்த வருஷம் ஒன்று, ஊர் ஒன்று. ஒரே ஆளை இரண்டு தடவை ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து மென்பொருள் இருவரையும் ஒருவராக்கி, ரொட்டிக்கடை விலாசத்தை வைத்துக்கொண்டது. மரத்தின் வேரில் ரொட்டிக்கடை. சுகாதார அலுவலகத்தார் வந்து கடைக்குச் சீல் வைத்தார்கள். கப்பல்காரன் இருமியதைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட, கம்ப்யூட்டரே சொல்கிறதே என்றார்கள்.

தெமெலினா ஏதென்ஸுக்கு போன் செய்தாள். திருத்த வேண்டுமானால் கப்பல்காரன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவனோ குணமாகி மறுபடி கப்பலேறிவிட்டான். எத்தனை முறை அழைத்தாலும் எடுக்கவில்லை. எடுத்தால் நாலு சாவும் தன் தலையில் விழும் என்று அவனுக்குத் தெரியாதா? பொறுக்க முடியாமல், பெயர்க் கட்டத்திலேயே ‘மினாஸ், யொர்கிஸ் மகன்’ என்று புதிதாக ஏற்றிப் பார்த்தாள். மென்பொருள் புது நோயாளி ஒருவனைத் திறந்துகொண்டது. பழையவன் வேரிலேயே இருந்தான். இப்போது தீவில் மூன்று மினாஸ்: பேரன்கள் இருவர், கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் ஒருவன்.

கடையின் சீல் நீக்கிய பிறகும் ரொட்டி வாங்க ஆள் வரவில்லை. ரொட்டிக்கடைக்காரன் தெமெலினாவிடமே போய் நின்றான்.

"நான் இல்லன்னு உனக்குத் தெரியுமுல்ல?"

"தெரியும்."

"அப்ப அழிச்சுடேன்."

"அழிக்கிற அதிகாரம் எங்கிட்ட இல்ல, மினாஸ்."

கடையைப் பூட்டிவிட்டு ரோட்ஸ் தீவில் ஒரு ஹோட்டல் சமையலறைக்குப் போய்விட்டான். அவனுக்காக அவள் கோயில் வாசலில் எடுத்துச் சொன்னபோது பழைய காதல் என்றார்கள். சொல்லி அலுத்து வாயை மூடியதும் பழைய கோபம் என்றார்கள்.

போன வாரம் இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று அவளிடமே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அவன் என்னைக் கைவிடல. கட்டிக்கிறியான்னு கேட்டான், நாந்தான் மாட்டேன்னேன். பழிவாங்க கையில ஏதாச்சும் அதிகாரம் இருக்கணும்யா. நான் சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எழுதுறதுன்னா அத எழுது."