போக இரண்டரை, வர ஐந்தரை

உம்மாவின் தம்பியை, அதாவது என் மாமாவை, நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஊரில் அவரை நல்ல தமாஷ்காரர் என்பார்கள். இருக்கட்டும்.

அப்போது நான் காரைக்காலில் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். துபாயில் வேலை பார்த்த வாப்பா, மூன்று வருஷம் கழித்து நாற்பது நாள் லீவில் வந்திருந்தார். வந்த மறுநாள் அவருடைய விமான டிக்கெட்டை விரித்து வைத்துக்கொண்டு மாமா என்னைக் கூப்பிட்டார். மாமாவும் இரண்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர்தான்.

"கணக்குல புலியாமே நீ? இதச் சொல்லு பாப்போம். வாப்பா அங்க ரெண்டு மணிக்கு ஏறி, மெட்ராஸ்ல ஏழரைக்கு எறங்கியிருக்காரு. எவ்வளவு நேரம்?"

"அஞ்சரை."

"திரும்பிப் போறப்ப பத்து மணிக்கு ஏறி, அங்க பன்னண்டரைக்கு எறங்கிருவாரு. எவ்வளவு?"

"ரெண்டரை."

"ரெண்டும் அதே மூவாயிரம் கிலோமீட்டர்தானேடா. அப்பறம் ஏன் கணக்கு ஒதைக்குது?" காதருகே குனிந்தார். "வர்றதுன்னா ஒங்க வாப்பாவுக்குக் கால் நகராது. போறதுன்னா பறந்துருவாரு."

சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் விரல் விட்டு மறுபடி எண்ணினேன். நெடுங்காட்டு பஸ்கூடப் போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரம்தான். டிக்கெட்டில் அச்சடித்தது பொய் சொல்லுமா?

அன்றிலிருந்து வாப்பாவோடு பேசவில்லை. அவர் கொண்டுவந்த சட்டை உறை பிரிக்காமல் கிடந்தது. கடற்கரைக்குக் கூப்பிட்டார், போகவில்லை. உம்மாவிடம் அடி வாங்கினேன், அப்போதும் வாய் திறக்கவில்லை. காரணம் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். "பய ரோஷக்காரன் மச்சான்" என்று வாப்பாவிடமே சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் கிணற்றடியில் யாரும் இல்லாதபோது வாப்பா கேட்டார்: "எம்மேல என்ன கோவம் தம்பி?"

நான் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் புறப்பட்ட அன்று மாடி அறையில் தாழ் போட்டுக்கொண்டேன். கீழே மூன்று தடவை ஹார்ன் அடித்தார்கள்.

அதன் பிறகு லீவில் வந்தபோதெல்லாம் 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்' என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வளரவில்லை. நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எனக்கு இருபது வயதில் வாப்பா மவுத்தானார்.

அவர் இறந்த மறுவருஷம் நானும் துபாய்க்கு விமானம் ஏறினேன். இறங்கப்போகும் நேரத்தில், பக்கத்து சீட்டிலிருந்த போலகம் ஊர்க்காரர் என் வாட்சைக் காட்டிச் சொன்னார்: "ஒண்ணரை மணி நேரம் பின்னாடி தள்ளி வைங்க தம்பி. அங்க விடியறதே நமக்கப்பறந்தான். ஊருக்கு வர்றப்ப முன்னாடி தள்ளிக்கலாம்."

கணக்குப் போட்டேன். போக நாலு மணி நேரம். வரவும் நாலு மணி நேரம். முன் சீட்டின் முதுகில் ஓங்கிக் குத்தினேன்.

இறங்கியதும் மாமாவுக்கு போன் போட்டேன். "அடேய், அது வெளாட்டுக்குச் சொன்னதுடா! இன்னமுமா வச்சுக்கிட்டிருக்கே?" என்று சிரித்தார். திட்டத்தான் போன் போட்டேன். திட்டாமலே வைத்துவிட்டேன். அவர் வீட்டு விசேஷங்களில் இன்றைக்கும் நான் கை நனைப்பதில்லை.

வாப்பா அந்த நாற்பது நாளில் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததையும் அவர் குற்றத்தோடு சேர்த்துக்கொண்டேன். அவர் என்னைவிடக் கூச்சக்காரர். அந்த ஒரு தடவை கேட்பதற்கே எத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.