மற்றும் மனைவி

போட்டி விதி எண் 4 இப்படிச் சொல்கிறது: "ஓட்டத்தை நிறைவு செய்யும் தம்பதியர் இருவரின் பெயரும் சான்றிதழில் தனித்தனியே குறிப்பிடப்படும்." இதில் விதிவிலக்கு இல்லை, உட்பிரிவு இல்லை, விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு எழுதவும் இடமில்லை. கடலூரில் அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் விதிகளைப் படித்தே சம்பளம் வாங்கியவன் நான். இவ்வளவு தெளிவான விதியை அதிகம் கண்டதில்லை.

விதிகள் அச்சிட்ட துண்டறிக்கையைக் கொண்டுவந்தவன் சிதம்பரத்தில் இருக்கும் என் மைத்துனன். அவ்வூர் நடைப்பயிற்சிச் சங்கம் ஒன்று தம்பதியர் ஓட்டம் நடத்துகிறது. நான்கு தேர் வீதிகளையும் இரண்டு முறை சுற்ற வேண்டும். இறுதிக் கோட்டைக் கைகோத்தபடி கடக்க வேண்டும். நாள் 2009 செப்டம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் திருமணம் நடந்து அன்றோடு முப்பது ஆண்டு முடிகிறது.

"ஓட்டலுக்குப் போலாம்" என்றேன்.

"ஓட்டலுக்கு முப்பது வருஷமா போறோம்" என்றாள் மனைவி. "இந்த வருஷம் ஓடலாம்."

அவள் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். வார்டில் ஓடிய தூரத்தைக் கூட்டினால் டெல்லிக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். என் வேலையோ உட்கார்ந்து செய்வது. எனவே விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யும் பொறுப்பை நானும், பயிற்சியின் பொறுப்பை அவளும் ஏற்றோம். கடற்கரைச் சாலையில் ஒரு மாதம் காலையில் ஓடினோம். அவள் ஓடினாள் என்பதே சரி. நான் அவளைப் பார்வையில் வைத்திருந்தேன்.

போட்டியன்று முதல் சுற்றில் குறை சொல்ல ஏதுமில்லை. இரண்டாவது சுற்றில், தெற்கு வீதியில், என் முழங்கால் ஒத்துழைப்பை விலக்கிக்கொண்டது. மைத்துனன் மொபெட்டில் கூடவே வந்தான்.

"மாமா, இன்னா இது, சாமி புறப்பாடா? தேரே இத்தவிட வேகமா போவும்!"

"தேருக்கு வடம் புடிக்க ஆயிரம் பேர் இருக்கான்" என்றேன்.

"உங்களுக்கு எங்கக்கா ஒருத்தி போதாதா?"

"நீ வாய மூடு. நீங்க மூச்ச விடுங்க" என்றாள் அவள், முதலாவதை அவனுக்கும் இரண்டாவதை எனக்கும். அவள் நினைத்திருந்தால் முதல் மூன்று ஜோடிகளுக்குள் வந்திருக்கலாம். மேல வீதி முழுக்க என் முழங்கையைப் பிடித்து, நோயாளியை எக்ஸ்ரே அறைக்கு நடத்திப்போவது போல நடத்திப்போனாள். கடைசிக்கு முந்தைய ஜோடியாகக் கோட்டைக் கடந்தோம். கடைசி ஜோடி நடுவில் காப்பி சாப்பிட்டதாகப் பிறகு தெரிந்தது.

மேடையில் சங்கச் செயலாளர் சான்றிதழ்களை வழங்கினார். எங்கள் முறை வந்தபோது ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி, "மற்றும் மனைவி" என்றார். சான்றிதழிலும் அப்படியே இருந்தது. மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி தேடுபவளைப் போல அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பக்கத்து ஜோடியின் சான்றிதழையும் வாங்கிப் பார்த்தாள். அதில் இரண்டு பெயர்கள் இருந்தன.

"ஆஸ்பத்திரில ஓடினப்ப எல்லாரும் சிஸ்டர்னாங்க" என்றாள். "இங்க ஓடினா மனைவின்றாங்க. எனக்குப் பேருன்னு ஒண்ணு வெச்சாங்களே, அது எதுக்குங்க?"

"அலுவலகத் தவறு. மனு போட்டால் திருத்திவிடுவார்கள்" என்றேன்.

அவள் ஏற்கெனவே கீழ வீதிக் கடையில் கண்ணாடிச் சட்டம் வாங்கியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கூடத்தில், என் பணி ஓய்வுப் பாராட்டு மடலுக்குப் பக்கத்தில், அதைக் காலியாகவே மாட்டினாள். வந்த சான்றிதழை அதில் வைக்கச் சம்மதிக்கவில்லை. "எம்பேரு போட்டு வரட்டும்" என்றாள்.

மறுநாள் மனு எழுத உட்கார்ந்தேன். நான் எதை அனுப்பினாலும் ஒரு நகல் வைத்துக்கொள்வேன். விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். "பங்கேற்பாளர்கள் பெயர்" என்ற கட்டத்தில், என் கையெழுத்தில், என் பெயரும் அதை அடுத்து "மற்றும் மனைவி" என்பதும் இருந்தன. திருமணமானதிலிருந்து அலுவலகப் பயணச் சலுகைப் படிவங்களில் அப்படித்தான் எழுதிவந்தேன். கைக்கு ஓய்வு பெற்றது தெரியவில்லை.

நகலைக் கோப்பிலேயே திருப்பி வைத்தேன். பாதிக்கப்பட்டவரே மனுதாரராக இருக்க வேண்டும் என்பது நடைமுறை. ஆகவே அவள் பெயரில் எழுதினேன். "சான்றிதழில் பிழை நேர்ந்துள்ளது" என்றேன். யாரால் என்று மனுவில் சொல்லவில்லை, கூடத்திலும் சொல்லவில்லை. அவள் கையெழுத்திட்டுத் தானே பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள்.

பதில் இல்லை. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் காலிச் சட்டத்தைப் பார்த்துக் காரணம் கேட்டார்கள். "அவுங்க எழுதியிருக்காங்க, வரும்" என்று என்னைக் காட்டுவாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, "நினைவூட்டு போடலியா?" என்பாள். போட்டேன். மொத்தம் ஐந்து.

"நேர்ல போனா அஞ்சு நிமிஷ வேல மாமா, வாங்க நானே கூட்டினு போறேன்" என்றான் மைத்துனன்.

"விஷயம் நடவடிக்கையில் இருக்கிறது" என்றேன். நேரில் போனால் செயலாளர் முதலில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். விண்ணப்பத்தை எடுப்பார்.

நான் கவனிக்காமல் விட்டது ஒன்றுதான். எந்த மனுவையும் ஒரே வாக்கியத்தில் முடிப்பது என் வழக்கம்: "உரிய ஆவண நகல்களுடன் பதில் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." இதையும் அப்படித்தான் முடித்திருந்தேன். ஐந்து நினைவூட்டிலும் அடிக்கோடிட்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு திருமண நாளன்று தபால்காரர் பதிவு உறை ஒன்றைக் கொண்டுவந்தார். அவள் பெயருக்கு வந்ததால் அவளே கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினாள். புதிய சான்றிதழில் அவள் பெயர் முதலிலும் என் பெயர் அதன் கீழும் இருந்தன. கூடவே, கோரியபடி இணைக்கப்பட்டுள்ளது என்ற குறிப்போடு, விண்ணப்பத்தின் நகல்.

அதை நிதானமாகப் படித்தாள். நான் செய்தித்தாளைப் பிடித்திருந்தேன்.

"நான்தான் அப்படி எழுதிட்டேன்" என்றேன்.

"தெரியும். உங்க அலமாரிய தூசி தட்றது யாரு? போன கார்த்திகையிலயே பாத்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு என்னை நினைவூட்டு போடச் சொன்ன?"

"நீங்களா எப்ப சொல்லுவீங்கன்னு பாத்தேன். அஞ்சு ஆச்சு."

சான்றிதழைச் சட்டத்தில் வைத்து மாட்டினாள். சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். நகலை என்னிடம் தரவில்லை. "உங்ககிட்டதான் ஒண்ணு இருக்கே, இது எங்கிட்ட இருக்கட்டும். அடுத்த வாட்டி ஃபாரத்த நான் எழுதறேன், நீங்க ஓடுற வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மேசைமேல் கிடந்த உறையை எடுத்து, பழக்கத்தின்படி இடது மூலையில் குறித்தேன்: பெறப்பட்ட நாள் 13.09.2010.