குளிப்பாட்டக் கூடாத கடற்பஞ்சு

என் அண்ணிக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். சும்மா சொல்லவில்லை, சோப்புக் கட்டியையே சோப்புப் போட்டுக் கழுவுகிறவள். அண்ணன் வேலைவிட்டு வந்தால் வாசலில் ஒரு தடவை, உள்ளே வந்ததும் இன்னொரு தடவை கால் கழுவ வேண்டும். பாவம், வாயைத் திறக்காமல் கழுவிக்கொள்வார்.

அப்படிப்பட்டவளுக்குப் போய்க் கடல் ஆராய்ச்சிக்கூடத்தில் தொட்டி பார்க்கும் வேலை வாங்கிக் கொடுத்தேனே, என் புத்தியை என்ன சொல்ல! நான் அங்கே முக்குளிக்கிறவள். கரைக்கு அப்பால் ஒரு பாறையில் மஞ்சள் கடற்பஞ்சு மண்டிக் கிடக்கும். பேர்தான் பஞ்சு, உயிருள்ள பிராணி அது. ஆறாத புண்ணை ஆற்றும் மருந்துச் சத்து அதற்குள் இருக்கிறது. ஒரு பஞ்சில் கட்டைவிரல் அளவுதான் வெட்டுவோம். மீதியை விட்டுவைத்தால் திரும்ப வளர்ந்துவிடும். வெட்டிய துண்டுகளைத் தொட்டியில் வளர்த்துச் சத்து எடுத்துவிட்டால் பாறையை அப்புறம் தொடவே வேண்டாம்.

துண்டுகள் அண்ணி கையில் கொழுகொழுவென்று வளர்ந்தன. சத்துதான் சொட்டுக்கூட வரவில்லை.

மேலாளர் பொறுமை இழந்தார். "அடுத்த பரிசோதனையிலயும் வரலைன்னா படகை அனுப்பிடுவேன். பாறையை மொத்தமா சுரண்டி எடுத்துட்டு வாங்க."

சுரண்டப்போவது யார்? நான்தான். அந்தப் பாறை மொட்டையானால் அதை அண்டியிருக்கும் மீன் நண்டு எல்லாம் போய்விடும், பஞ்சும் திரும்ப முளைக்காது.

ஆராய்ச்சி செய்யும் அம்மாள் தலையைப் பிய்த்துக்கொண்டு தொட்டி அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அண்ணி தண்ணீருக்குள் கையை விட்டு, குழந்தைகள் பல் தேய்க்கும் பிரஷால் ஒவ்வொரு பஞ்சாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"குளிப்பாட்டுறேன் மேடம். கடல் தண்ணியக்கூட ரெண்டு தடவை வடிகட்டித்தான் விடுறேன். ஒரு தூசி இருக்காது!"

அம்மாள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "போச்சு போங்க! அந்தச் சத்தை உண்டாக்குறதே பஞ்சுக்குள்ள குடியிருக்குற கிருமிங்கதான். கடல் தண்ணியோட வர்றதுங்க. நீங்க ஒண்ணு விடாம காலி பண்ணியிருக்கீங்க!"

சுத்தம் சோறு போடும் என்பார்கள். எங்கள் அண்ணியின் சுத்தம் எல்லார் சோற்றிலும் மண்ணைப் போடப் பார்த்தது.

அன்றிலிருந்து பிரஷும் கிடையாது, வடிகட்டியும் கிடையாது. தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் வழவழவென்று பாசி ஏறியது. அண்ணி கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். அந்தக் கோபமெல்லாம் வீட்டில் அண்ணன் தலையில் விடியும்.

பரிசோதனைக்கு முந்தின நாள் மேலாளர் விருந்தாளிகளோடு வந்து மூக்கைப் பொத்தினார். "என்னம்மா இந்த நாத்தம்? உடனே கழுவும்மா!"

பசித்தவளைப் பந்தியில் உட்காரச் சொன்ன மாதிரியல்லவா சொல்கிறார் மனுஷன்!

அண்ணி தொட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "நாத்தம்தான் சார். ஆனா இதைக் கழுவினா அந்தப் பாறையே போயிடும். வேலைய விட்டுத் தூக்கினாலும் சரி, கழுவ மாட்டேன்!"

மேலாளர் முறைத்துவிட்டு விருந்தாளிகளை அடுத்த அறைக்குக் கூட்டிப்போனார்.

மறுநாள் முடிவு வந்தது. சத்து ஊறியிருந்தது, நினைத்ததைவிட நிறையவே. படகு வேண்டாம் என்று மேலாளரே சொல்லிவிட்டார். நான் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள், ஆனால் கண் தொட்டியின் மேலேயே இருந்தது.

"மேடம்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கண்ணாடியோட வெளிப்பக்கம் மட்டும் ஒரே ஒரு தடவை தொடைச்சுக்கட்டுமா?"